பூனைக்கு இடம் கிடைத்தது

சிங்கப்பூரில் கோடைக்காலம் கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் வந்து துவைத்த துணியைக் கெடுப்பதும் உண்டு. கோடை என்று தனியாக ஒன்றை இங்கே யாரும் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் லிட்டில் இந்தியாவில், கெர்பாவ் சாலையில், ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கால்நடை மருத்துவ இளையர் கண்டறிதல் மன்றம், ஆண்டுதோறும் ஜூன் பள்ளி விடுமுறையில் கோடைத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. ஒரு காலத்தில் அந்த வட்டாரம் முழுக்க மாடுகள் கட்டிக் கிடந்தன. இப்போது மன்றம் இருக்கிறது.

ஜமால் முகம்மது தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவர். அவருடைய ஒரே மகள் சாதியா பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக்கல்லூரியில் படிக்கிறாள். விலங்கு மருத்துவராக வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் படிப்பு சிங்கப்பூரில் இல்லை, வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோ, உண்மையான கால்நடை மருந்தகம் ஒன்றில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்று முதல் பக்கத்திலேயே கேட்கின்றன. சாதியா வடக்கே செம்பவாங்கிலிருந்து தெற்கே கடற்கரை வரை இருக்கிற மருந்தகங்களுக்கெல்லாம் எழுதிப் பார்த்தாள். பள்ளி மாணவர்களைத் தனியாக எடுப்பதில்லை, ஏதாவது திட்டத்தின் வழியாக வந்தால் பார்க்கலாம் என்று எல்லாரும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். மன்றத்தின் கோடைத் திட்டத்தில் கடைசி வாரம் மருந்தகத்தில்தான். ஆக, இருந்தது ஒரே கதவு. அது பூமாலைக் கடைக்கு மேலே இருந்தது.

விளக்கக் கூட்டத்துக்கு அப்பாவும் மகளும் போனார்கள். மன்றத் தலைவர் டாக்டர் சுஜீந்திரன் மேடையேறினார். அவர் மனிதவள நிர்வாகத்தில் டாக்டர்.

"அன்பார்ந்த பெற்றோர்களே, இளையர்களே. கோடை என்பது ஒரு பருவம் அன்று, அது ஒரு மனநிலை. விலங்கு என்பது வெறும் உயிரினம் அன்று, அது ஒரு வாய்ப்பு. இந்த மன்றத்தைத் தொடங்கியபோது எங்களிடம் ஒரு மேசையும் ஒரு கனவும் மட்டுமே இருந்தன. இன்று எத்தனையோ துணைக்குழுக்கள் இருக்கின்றன. நான் கடந்த பல ஆண்டுகளாக எந்த விலங்கையும் தொட்டதில்லை என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். தொடுவதற்கு நேரம் இல்லாத அளவுக்கு அவற்றுக்காக உழைத்திருக்கிறேன்."

பெற்றோர்கள் கை தட்டினார்கள். ஜமாலும் தட்டினார். முன்வரிசைக்காரர்கள் தட்டும்போது தட்டாமல் இருந்தால் அதை யாராவது குறித்துக்கொள்வார்களோ என்று அவருக்குப் பயம்.

விண்ணப்பிக்கத் தேவையான தகுதிகள் திரையில் வந்தன. அவற்றுள் முதலாவது, அங்கீகரிக்கப்பட்ட விலங்கு அனுபவம். சாதியா கையைத் தூக்கினாள்.

"சார், அந்த அனுபவம் எங்க கிடைக்கும்?"

"நல்ல கேள்வி," என்றார் டாக்டர் சுஜீந்திரன். "எங்கள் கோடைத் திட்டத்தில் கிடைக்கும்."

"அதுல சேரத்தானே சார் அனுபவம் கேக்குறீங்க."

"அனுபவமே இல்லாதவர்களுக்கு அனுபவத்தைக் கொடுத்தால் அதை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள்? இதே இடத்தில் இன்னொன்றும் தெளிவுபடுத்த விரும்புகிறேன். இந்தத் துறை எனக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று பார்க்கலாமே என்ற எண்ணத்தோடு யாரும் விண்ணப்பிக்க வேண்டாம். இது கண்டறியும் திட்டம். எதைக் கண்டறியப் போகிறோம் என்று முன்பே உறுதியாகத் தெரிந்தவர்களால்தான் கண்டறிய முடியும்."

மறுபடியும் கைதட்டல். ஜமாலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரியாதபடி பேசுகிறவர்களிடம்தான் பெரிய விஷயம் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கடிதம் முதல் பள்ளிச் சேர்க்கை வரை அவர் வாழ்க்கையில் முக்கியமான எதுவுமே முதல் தடவையில் புரிந்ததில்லை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மன்றத்தின் அதிகாரி மயூரா பின்னாலேயே வந்தாள். சின்ன வயது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"எக்ஸ்க்யூஸ் மீ, உங்க வீட்ல பெட் ஏதாவது இருக்கா? ஹாம்ஸ்டர், டெராப்பின், ஏதாச்சும்?"

"இல்லக்கா. அம்மாவுக்கு ஆஸ்துமா. ஆனா புளோக் கீழ ஒரு பூனை இருக்கு. நாந்தான் சாப்பாடு போடுறேன், ஸ்டெரிலைஸ் பண்ணக்கூட நாந்தான் தூக்கிட்டுப் போனேன்."

"அப்போ ஓகே லா. கம்யூனிட்டி கேட் கூட எக்ஸ்பீரியன்ஸ்தான். வெரிஃபை பண்ணணும், அவ்வளவுதான்."

அந்தப் பூனை மார்சிலிங்கில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசைக்கு அடியில் வாழ்ந்து வந்தது. வந்த புதிதில் எலும்பும் தோலுமாக இருந்ததால், சீக்கிரம் தேறட்டும் என்று சாதியா அதற்குக் கெமோக் என்று பேர் வைத்தாள். மலாயில் குண்டு என்று அர்த்தம். ஜமால் கடையில் இறைச்சியைச் சுத்தம் பண்ணும்போது விழுகிற கொழுப்பையும் துண்டு துணுக்கையும் ஒரு சின்னப் பையில் முடிந்து எடுத்து வருவார். சாதியா அதை வேகவைத்துப் போடுவாள். கொஞ்ச நாளில் கெமோக் பேருக்கேற்ற மாதிரி ஆகிவிட்டது. சாதியாவைத் தவிர வேறு யாரையும் தொட விடாது. ஜமாலைப் பார்த்தால் எழுந்து நிற்கும், ஆனால் அது அவருடைய கையிலிருக்கும் பைக்குக் கொடுக்கும் மரியாதை.

ஒரு சனிக்கிழமை சரிபார்ப்புத் துணைக்குழு மார்சிலிங்குக்கு வந்தது. டாக்டர் சுஜீந்திரன், செயலாளர் அங்கமுத்து, மயூரா ஆகிய மூவரும் கழுத்தில் அட்டையோடு கல்மேசையைச் சுற்றி நின்றார்கள். புளோக்கில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து அண்டைவீட்டு மலாய் அம்மா வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

டாக்டர் சுஜீந்திரனுக்குப் பூனை ரோமம் ஒத்துக்கொள்ளாது. அவர் தூணுக்குப் பின்னால் நின்று தும்மிக்கொண்டே மேற்பார்வை செய்தார். அங்கமுத்து குனிந்து, நற்சான்று தருபவர்களிடம் கேட்பதற்காக மன்றம் தயாரித்து வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் பூனையிடம் வாசித்தார்.

"விண்ணப்பதாரரை நீங்கள் எவ்வளவு காலமாக அறிவீர்கள்?"

கெமோக் அவருடைய காலணியின் மேல் ஏறி உட்கார்ந்தது.

"அவருடைய தலைமைத்துவப் பண்பை விளக்கும் ஒரு சம்பவத்தைக் கூற முடியுமா?"

கெமோக் கொட்டாவி விட்டது.

"என்ன எழுதட்டும் சார்?" என்று மயூரா தூண் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ஆட்சேபம் இல்லை என்று எழுதுங்கள்," என்றது தூண்.

ஜமால் சாதியாவின் காதருகே, "இது பூனை, பேசாதுன்னு இவங்களுக்குத் தெரியும்லம்மா?" என்று கேட்டார்.

"தெரியும் அத்தா. ஃபார்ம்ல அந்தப் பக்கம் காலியா இருக்கக் கூடாதாம்."

அதற்கு அடுத்தது குடும்ப நேர்காணல். தந்தையின் தொழில் என்ற இடத்தில் சாதியா ஆட்டிறைச்சி வியாபாரம் என்று எழுதியிருந்தாள். விலங்கு உடற்கூறியல் சார்ந்த தொழில்முனைவர் என்று மாற்றினால் நன்றாக இருக்கும் என மயூரா யோசனை சொன்னாள். சாதியா மாட்டேன் என்றுவிட்டாள். இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு அப்பாவின் பிடிவாதம் இருந்தது. அப்பாவுக்கோ அந்தப் பிடிவாதத்தை வேறெங்கும் காட்ட வாய்ப்புக் கிடைத்ததில்லை.

நேர்காணல் அறையில் டாக்டர் சுஜீந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"விலங்குகளுக்கும் உங்களுக்கும் உள்ள உறவை விவரியுங்கள்."

ஜமால் பேந்தப் பேந்த விழித்தார். "உறவுன்னா... அது ஆஸ்திரேலியாவுலேர்ந்து வருது சார். பெட்டியில வருது. தலை இல்லாமத்தான் வரும். பழகுறதுக்குச் சந்தர்ப்பம் கிடைக்கிறதில்ல."

"அவற்றின்மீது உங்களுக்கு வருத்தம் உண்டா?"

"எதுக்கு சார் வருத்தம்? இதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சதில்லையே."

"உங்களுக்கு அவற்றின்மீது பரிவு உண்டா என்று கேட்கிறேன்."

"இருக்கு சார். ஈரத்துணி போட்டுத்தான் வைப்பேன். காய விட மாட்டேன்."

சாதியா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது அங்கமுத்து நாற்காலியை முன்னே நகர்த்திக் கூர்ந்து பார்த்தார்.

"பாய், நீங்களா? தேக்கால மூணாவது சந்துல? நம்ம மன்றத்து ஆண்டு விருந்துக்குப் போன வருஷமும் உங்க கடை மட்டன்தானே. நல்லா இளசா இருந்துச்சு பாய்."

அறை இளகியது. டாக்டர் சுஜீந்திரன்கூடப் புன்னகைத்தார். "தவறாக எண்ண வேண்டாம். மன்றம் இறைச்சிக்கு எதிரானது அன்று. இறைச்சியை விற்பவர்களைப் பற்றி மட்டுமே எங்களுக்கு ஒரு சிறு தயக்கம்."

மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. நேர்காணல் குழுவுக்கு வாழையிலையில் மட்டன் பிரியாணி வந்தது. விண்ணப்பதாரர்கள் அந்த வாசனையில், ஏன் எல்லா உயிரும் சமம் என்ற தலைப்பில் வெளியே உட்கார்ந்து கட்டுரை எழுதினார்கள். சாதியா நன்றாகவே எழுதினாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. சாதியாவின் கைப்பேசியில் இரண்டு மின்னஞ்சல்கள். முதலாவது அவளுக்கு. அவள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாள். இரண்டாவது கெமோக்குக்கு, அதன் பராமரிப்பாளர் வழியாக. கெமோக் இவ்வாண்டுக் கோடைத் திட்டத்தின் விலங்குத் தூதராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது, மனமார்ந்த வாழ்த்துகள்.

விஷயம் இதுதான். இத்தனை ஆண்டுகளாகத் திட்டத்தில் ஒரு விலங்குகூட இருந்ததில்லை என்பதை இந்த வருடம்தான் புரவலர் ஒருவர் கவனித்து, படம் எங்கே என்று கேட்டுவிட்டார். துணைக்குழுவுக்குத் தெரிந்த ஒரே விலங்கு கெமோக். நேர்காணலில் அது பதற்றப்படவில்லை என்பதும் குறிப்பில் இருந்தது.

சாதியா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். ஜமால் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். மயூரா தொலைபேசியில் வந்தாள்.

"சாதியா, லிசன். பூனைய நீதான் தூக்கிட்டு வரணும். டெய்லி. கேர் அசிஸ்டென்ட்னு உனக்கு ஒரு பாஸ் தருவோம். பூனை திட்டம் முடியிற வரைக்கும் மன்றத்துப் பொறுப்புல இருக்குன்னு ஒரு சைன் மட்டும் போடு. யாராச்சும் விலகினா, முதல்ல உன்னத்தான் பாப்பாங்க."

"நிச்சயமாக்கா?"

"நான் சொல்லக் கூடாது. பட் சான்ஸ் இருக்கு லா."

ஜமாலுக்கு முகம் தெளிந்தது. "பாரு, வீட்ல ஒருத்தருக்குக் கிடைச்சாச்சு. உள்ள ஒருத்தர் இருந்தா அடுத்தவங்களுக்கு ஈசியாத்தான் இருக்கும்," என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. சாதியா கையெழுத்துப் போட்டாள்.

திட்டம் தொடங்கியது. தேர்வான பங்கேற்பாளர்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். பஞ்சடைத்த பொம்மை நாய்களுக்குக் கட்டுப் போட்டார்கள். பொம்மையின் உரிமையாளரிடம் துக்கச் செய்தியை எப்படிச் சொல்வது என்று பயிற்சி எடுத்தார்கள். தங்களைப் பற்றி மூன்று வரியில் எழுதப் பழகினார்கள். கெமோக்குக்குக் கழுத்தில் நாடாவோடு அடையாள அட்டை மாட்டினார்கள். சாதியாவின் அட்டை மஞ்சள் நிறம். அதில் கூடத்துக்குள் நுழைய அனுமதி இல்லை, தேவைப்பட்டால் தவிர, என்று அச்சிட்டிருந்தது.

முதல் நாளே தேவைப்பட்டது. கெமோக் யாருடைய கையிலும் நிற்கவில்லை. இரண்டு வெள்ளைக் கோட்டுகள் கிழிந்தன. பிறகு சாதியாவை உள்ளே கூப்பிட்டு, மேசைக்கு அடியில் உட்காரச் சொன்னார்கள். அவள் விரிப்புக்குக் கீழேயிருந்து கைகளை நீட்டிப் பூனையைப் பிடித்துக்கொள்ள, பங்கேற்பாளர்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் படத்திலும் இரண்டு கைகள் தெரிந்தன. மயூரா அவற்றைக் கணினியில் அழித்தாள். மேசைக்கு அடியிலிருந்து சாதியாவுக்குப் பாடம் கேட்டது, திரை தெரியவில்லை. அப்படியும் அவள் கேட்டதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டாள். அது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதுதான் கொடுமை.

ரயிலில் பூனையை ஏற்ற மாட்டார்கள், தினமும் டாக்சிக்குக் கட்டுப்படியாகாது என்பதால், முதல் வாரத்துக்குப் பிறகு கெமோக் மன்றத்திலேயே தங்கியது. அங்கே அதற்கு விளம்பரதாரர் கொடுத்த காய்ந்த தீனி மட்டும்தான். தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்புகளின் நிறைவு விழாவுக்கு முந்தைய நாள் காலையில் சாதியா கூண்டைத் திறந்தபோது கெமோக் மணல் தட்டில் குந்தியிருந்தது. வெகுநேரம் முக்கியது. இறங்கியது, மறுபடியும் ஏறியது. மணல் காய்ந்தே கிடந்தது. வயிற்றைத் தொட்டபோது அவளையே கடிக்க வந்தது. அவள் மயூராவிடம் ஓடினாள்.

"அக்கா, கெமோக் ஒண்ணுக்குப் போகல. ஆண் பூனைக்கு இப்படி அடைச்சா டேஞ்சர்க்கா. நான் படிச்சிருக்கேன். இப்பவே கிளினிக்குக் கொண்டுபோகணும்."

மயூராவின் முகத்தில் நிஜமாகவே கவலை தெரிந்தது. "ஐயோ. பட் விலங்கு நிலை ரிப்போர்ட் பார்ட்டிசிபன்ட்ஸ் மட்டும்தான் கொடுக்க முடியும். அதுதான் அவங்க அசெஸ்மென்ட். அவங்க யாராச்சும் நோட்டீஸ் பண்ணாங்களா?"

பங்கேற்பாளர்கள் நன்றியுரை ஒத்திகையில் இருந்தார்கள்.

சாதியா டாக்டர் சுஜீந்திரனிடம் போனாள். அவர் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, மூக்கைக் கைக்குட்டையால் மூடியபடி பதில் சொன்னார்.

"உங்கள் அக்கறையைப் பாராட்டுகிறேன். ஆனால் தூதர் இப்போது மன்றத்தின் காப்புறுதியின் கீழ் இருக்கிறார். விழா முடியும் வரை வளாகத்தை விட்டு வெளியே கொண்டுபோக விதி இல்லை. நாளைக்கு டாக்டர் வசீகரன் சிறப்பு விருந்தினராக வருகிறார். உண்மையான கால்நடை மருத்துவர். ஒரு தொழில்முறை மருத்துவர் வரவிருக்கும்போது அவசரப்பட்டு வேறொருவரிடம் காட்டுவது அவரை அவமதிப்பதாகும்."

கூண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடலாமா என்று சாதியா நினைத்தாள். படிக்கட்டு வரை வந்தும்விட்டாள். அங்கே அங்கமுத்து மறித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொண்ணு, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே. விழா முடிஞ்சு வர்ற கிளினிக் வாரத்துக்கு ஒரு பையன் வரல, ஃபேமிலியோட ஜப்பான் போறானாம். உன் பேரத்தான் பேசிக்கிட்டு இருக்கோம். இன்னைக்குப் போயி பிரச்சினை பண்ணிடாதே."

சாதியா படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். தேக்காவில் அது கூட்டமான நேரம். ஜமால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். அவருக்குப் பூனையின் வலி புரிந்தது. மகளுடைய இடமும் புரிந்தது. இரண்டையும் எடைபோடத் தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில டாக்டரே வர்றாருல்ல. ஒரு ராத்திரிதானேம்மா. பொறுத்துக்க. இவ்வளவு தூரம் வந்துட்டு பேரக் கெடுத்துக்க வேணாம்."

"அத்தா, அது துடிக்குது."

"தண்ணி குடுத்துப் பாரும்மா," என்றார் ஜமால்.

அவள் தண்ணீர் கொடுத்தாள். அது குடிக்கவில்லை. சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்போது அவளை வெளியே போகச் சொன்னார்கள், அவள் போனாள். மஞ்சள் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள், ஏனென்றால் தினமும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

நிறைவு விழா நேரத்துக்குத் தொடங்கியது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை, புரவலருக்குப் பொன்னாடை. டாக்டர் வசீகரன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. சாதியா இரண்டு தடவை நெருங்கிப் பார்த்தாள். நிகழ்ச்சி நிரலில் மருத்துவரோடு கலந்துரையாடல் இருக்கிறது, அதில் பங்கேற்பாளர்கள் கேட்கலாம் என்று தொண்டூழியர் ஒருவர் அவளைத் திருப்பி அனுப்பினார். ஜமாலும் அன்று கடையை மூடிவிட்டு வந்து, கடைசி வரிசையில் சட்டைக் கையைப் பொத்தானிட்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் சுஜீந்திரன் பேசினார். "ஒரு விலங்கு வாய் திறந்து தன் வலியைச் சொல்லாது. அதைச் சொல்லாமலே புரிந்துகொள்பவன்தான் மருத்துவன். இந்த மன்றம் அந்தக் காதைத்தான் வளர்க்கிறது." அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போனதால் இன்னொரு தடவை சொன்னார்.

கடைசியில் தூதருக்குச் சான்றிதழ் வழங்கும் நேரம் வந்தது. பூனையைக் கொண்டுவரச் சொன்னார்கள். சாதியா கூண்டிலிருந்து தூக்கியபோது கெமோக் அவள் கையில் ஈரத்துணியைப் போலத் தொங்கியது. அவள் மேடைக்குப் போகவில்லை. கயிற்றைத் தாண்டி நேராக டாக்டர் வசீகரனின் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "எப்பத்திலேர்ந்து இப்படி இருக்கு?"

"நேத்துக் காலையிலேர்ந்து."

"நேத்துலேர்ந்தா? யாருமே சொல்லலையா?"

அங்கமுத்து முன்னால் வந்தார். "பங்கேற்பாளர்கள் யாரும் சொல்லல டாக்டர்."

அது உண்மைதான். டாக்டர் வசீகரன் பொன்னாடையில் பூனையைச் சுற்றிக்கொண்டு காருக்கு ஓடினார், சாதியா கூடவே ஓடினாள். அவருடைய மருந்தகம் இருக்கும் தோ பாயோ வருவதற்குள் அவள் மடியிலேயே அது இறந்துபோனது. மருந்தகத்தின் வாசல் வரை வந்து, உள்ளே போகாமல், சாதியா வீட்டுக்குத் திரும்பினாள். அவ்வளவு காலம் அவள் ஆசைப்பட்ட கதவு அது.

மறுவாரம் இரங்கல் கூட்டம். தூதரின் பெரிதாக்கிய படத்துக்கு, கீழ்க்கடையில் வாங்கிய மாலை போட்டிருந்தார்கள். டாக்டர் சுஜீந்திரனின் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. படத்தில் ரோமம் இல்லை.

"கெமோக் நமக்குக் கடைசியாக ஒரு பாடம் நடத்திவிட்டுச் சென்றிருக்கிறது. நம் பங்கேற்பாளர்கள் இழப்பு என்றால் என்ன என்பதை நேரடியாக அனுபவித்தார்கள். அவர்கள் அனைவருக்கும் துயர மேலாண்மையில் கூடுதல் சான்றிதழ் வழங்கப்படும். மருந்தக வாரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நிரப்புவது முறையாகாது என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது. அந்த இடம் கெமோக்கின் நினைவாகக் காலியாகவே விடப்படுகிறது."

எல்லாரும் எழுந்து நின்றார்கள். சாதியாவும் நின்றாள்.

அடுத்த ஆண்டுத் திட்டத்துக்குக் கெமோக் நினைவுக் கோடைத் திட்டம் என்று பேர் வைத்தார்கள். அறிவிப்பு வந்த அன்றே சாதியா திறந்து பார்த்தாள். விதிகளின் முடிவில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. தேர்வில் நடுநிலை பேண வேண்டியிருப்பதால், மறைந்த தூதரைப் பராமரித்தவர்களும் அவருக்கு நெருக்கமானவர்களும் விண்ணப்பிக்க இயலாது.

மயூரா தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ஸோ ஸாரி, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று. சாதியா பரவாயில்லை அக்கா என்று பதில் போட்டாள். பிறகு அப்பாவிடம் வந்து, "அத்தா, சனி ஞாயிறு கடைக்கு வரட்டா?" என்று கேட்டாள். வா என்றார் ஜமால்.

ஒரு சனிக்கிழமை அங்கமுத்து போன் பண்ணினார். நினைவுத் திட்டத்தின் தொடக்க விருந்தாம். தேக்காவுக்கே வந்து எடுத்துக்கொள்வார்களாம்.

"போன தடவை மாதிரியே இளசா வேணும் பாய். கொழுப்பு ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது. பொண்ணு எப்படியிருக்கு?"

"கடையிலதான் இருக்கு," என்றார் ஜமால்.

அவர் வெட்டிப் போட்டார். சாதியா கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொழுப்பைச் சீவினாள். அவள் கை சுத்தமான கை, சவ்வு கிழியாமல் வந்தது. சீவியதையெல்லாம் பலகையின் ஓரத்தில் சேர்த்தாள். இறைச்சியைப் பெரிய பையில் போட்டு அங்கமுத்துவின் பேரை எழுதி வைத்தாள். பிறகு, ஓரத்தில் குவிந்திருந்த கொழுப்பையும் துணுக்குகளையும் வழித்து எடுத்து, ஒரு சின்னப் பையில் போட்டு, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, வீட்டுக்குப் போகும்போது மறந்துவிடக் கூடாது என்று அப்பாவின் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வைத்த பிறகுதான் கை நின்றது.

ஜமால் பார்த்தார். எடுத்துவிடலாமா என்று நினைத்தார். அடுத்த வாடிக்கையாளர் வந்து அரைக் கிலோ நெஞ்செலும்பு கேட்டதால் அந்தப் பக்கம் திரும்பினார். பை சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தது, கடையை மூடும்போது இருவரில் ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.